இன்று யாரும் வர வேண்டாம்

போன முறை இங்கே வேலைக்குச் சேரலாமா என்று பார்க்க வந்த டாக்டர், ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் ஓடிப்போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வந்த அன்று பார்த்து, கல் உடைக்கிற ஆட்கள் ஒரு கூட்டமாகத் தேனீயிடம் கொட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கண் எது கன்னம் எது என்று தெரியாத வீக்கம். ஒருவர் டாக்டரின் ஷூ மேலேயே வாந்தி எடுத்தார். சொல்லி வைத்தாற்போலக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வழக்கம்போல இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அதை உதைத்து எழுப்பிவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலி. டீயில் ஆடை கட்டியிருந்தது.

அதற்கு முன்னால் வந்தவர் கழிப்பறையைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கும் முன்னால் வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியது என் மாமனார். வைத்தியம் பார்ப்பது என் மனைவி. அறக்கட்டளைத் தலைவர் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், நகரத்தில் இருக்கிறார். வீட்டு மாப்பிள்ளையான எனக்கு மிஞ்சியது ஜெனரேட்டர். மேனேஜர் என்று கதவில் பலகை இருக்கிறது. குழாய் ஒழுகினால் நான், ஆக்ஸிஜன் சிலிண்டர் வராவிட்டால் போனில் கத்துவது நான், வார்டில் ஃபேன் சத்தம் போட்டால் ஸ்டூல் போட்டு ஏறுவது நான். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்பு எரிகிறது. "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேட்கிற நேரத்தில் நான் அடுத்த அறையில் இருப்பேன்.

சில மாதங்களாக அவள் வலது கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாள். அந்தக் கை நடுங்குகிறது. முதலில் டீ கிளாஸ் ஆடியது, பிறகு பேனா ஆடியது. ஆபரேஷனை அவளே நிறுத்திவிட்டாள், ஊசி எல்லாம் சிஸ்டர்தான். நகரத்தில் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். சீக்கிரம் வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும், முக்கியமாக ஓய்வு வேண்டும், இப்படி ராப்பகலாக ஓடினால் கை மட்டுமல்ல காலும் போகும் என்றார். எங்கள் மகள் அதே நகரத்தில் இருக்கிறாள், எங்களுக்கென்று ஒரு அறையை ஒழித்தே வைத்திருக்கிறாள். ஆனால் இவள் ஒரே பிடியில் நிற்கிறாள்.

"எனக்குப் பதிலா ஒருத்தர் வந்து அந்த நாற்காலில உக்காரட்டும். அன்னிக்கே கிளம்பறேன்."

மச்சான் வேறு பக்கம் கழுத்தில் கத்தி வைத்துவிட்டார். வருஷக் கடைசிக்குள் ஒரு டாக்டர் கிடைக்காவிட்டால் வார்டை மூடிவிடலாம், காலையில் மட்டும் மாத்திரை மருந்து கொடுக்கலாம், மற்றதற்கெல்லாம் மலைப்பாதை தாண்டி நகரத்துக்கு அனுப்பிவிடலாம் என்று அறக்கட்டளையில் பேசியிருந்தார். அதைக் கேட்ட அன்று என் மனைவி சாப்பிடவில்லை. வார்டு மூடினால் அவள் ஓய்வெடுக்க மாட்டாள், உடைந்துபோவாள். எனக்கு அது தெரியும். எப்படியாவது ஒரு டாக்டரைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாக வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதனால்தான் அடுத்து ஒரு பெண் டாக்டர் பார்க்க வருகிறார் என்று மச்சான் போன் செய்தபோது, நான் ஒரு திட்டம் போட்டேன். கூட்டத்தைப் பார்த்துத்தானே ஓடுகிறார்கள். கூட்டமே இல்லாவிட்டால்?

ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஊரில் ஜெட் என்று பெயர். மாட்டு வண்டிக்கு வழிவிட்டு அதன் பின்னாலேயே போகிறவர். "வழியில இருக்கிற எல்லா ஊருக்கும் சொல்லிடு. நாளைக்குப் புது டாக்டரம்மா பார்க்க வர்றாங்க. ரொம்ப அவசரம்னா ஒழிய யாரும் வர வேண்டாம். பிரஷர், சுகர், கால்வலி எல்லாம் மறுநாள் வரட்டும்" என்றேன். ஜெட் தலையைச் சொறிந்தார். "அவசரம்னா எது சார்?" என்று கேட்டார். "அதுகூடவா தெரியாது? போய்யா" என்று விரட்டினேன்.

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் நடக்கிற நிலையில் இருந்தார்கள், அவர்களையும் வீட்டுக்கு அனுப்பினேன். சிஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் என் மனைவியோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர், எனக்கு அடங்க மாட்டார்.

"இது நல்லால்ல சார். டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா? ஒரு நாள்தானே சிஸ்டர். ஒரு நாள் பொறுத்தா எல்லாருக்கும் நல்லது."

டெய்லர் அக்கா ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் கவுன் எல்லாம் அவர் தைத்ததுதான். ஆஸ்துமாக்காரர். வாரம் ஒருமுறையாவது வந்து, மூக்கில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு, மருந்துப் புகையை இழுத்தபடியே ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். புதுத் துணியின் தூசி ஆகாது என்று தெரிந்தும் இந்தத் திரைகளை ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து தைத்திருந்தார். அப்போதே அவர் நெஞ்சு லேசாகக் கூவிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை விட்றக் கூடாது சார். அந்தப் பொண்ணைப் பிடிச்சுப் போட்றணும்" என்றார். பிறகு, "நாளைக்கு நானும் வர வேண்டாமா?" என்று கேட்டார்.

"நீங்க வந்தா கெட்டுது போங்க. உங்க விசில் சத்தத்தைக் கேட்டு, பஸ் கிளம்பிடுச்சுன்னு அந்தப் பொண்ணு ஓடிப்போய் ஏறிக்கும்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி கண்ணாடி மாதிரி இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். திரைகள் மெல்ல ஆடின. ஜெனரேட்டர்கூட முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நான் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. கேட்டுக்குப் போனேன், வந்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன், மறுபடியும் கேட்டுக்குப் போனேன். வார்டில் இருந்தவர்கள் தாங்களே கேட்டு வீட்டுக்குப் போனார்கள் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் தன் அறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஏன் ஒருத்தரும் வரல? எங்கயாவது ரோடு கீடு அடைஞ்சு போச்சா?"

"ஊரே ஆரோக்கியமா இருக்குன்னு சந்தோஷப்படேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மச்சானின் காரில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். முப்பது வயதுகூட இருக்காது. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள், காலில் அழுக்கு கேன்வாஸ் ஷூ. கை கொடுத்த கையோடு நேரே வார்டுக்குள் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். கட்டில்களைப் பார்த்தாள், ஆக்ஸிஜன் சிலிண்டரின் மீட்டரைத் தட்டிப் பார்த்தாள், பிரசவ அறையில் லைட்டைப் போட்டு அணைத்தாள். அவளுக்கு எல்லாம் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உள்ளுக்குள் குதித்தேன்.

"பேஷண்ட் எல்லாம் எங்க சார்?" என்று கேட்டாள்.

"இங்க எப்பவும் இப்படித்தான்மா. அமைதியான இடம். நகரத்து ஆஸ்பத்திரி மாதிரி நெரிசல் கிடையாது. நீங்க பாட்டுக்கு மேல படிக்கலாம்."

அவள் கட்டில்களை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தாள். மச்சான் ஒரு காலிக் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "என்ன மாப்பிள்ளை, தங்கச்சி மூச்சு விட நேரமில்லன்னு போன்ல புலம்புவா. இங்க வந்து பார்த்தா ஈ ஓட்டிட்டு இருக்கீங்க" என்றார்.

மனைவியின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் மட்டும் கதவருகே நின்றேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், மறைக்காம சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நகரத்துல எங்க ஆஸ்பத்திரில ஒரு கட்டிலுக்கு நாலு டாக்டர். நான் கையை வெச்சு வேலை பார்த்து ரொம்ப நாளாச்சு. இங்கன்னா தேவை இருக்கும்னு நெனச்சுதான் வந்தேன். ஆனா இங்க தேவையே இல்ல போலிருக்கே. நான் வந்தா படிச்சதை மறந்துடுவேன்."

"தேவை இல்லையா?" என்றாள் என் மனைவி. "நேத்து வரைக்கும் உக்கார நேரமில்லம்மா. இன்னிக்கு என்னன்னு எனக்கே புரியல."

"அப்போ நான் சொன்னதுதான் சரி" என்றார் மச்சான். "வார்டை மூடிடலாம். காலைல மட்டும் ஓ.பி. பார்த்தா போதும். நீயும் ஓய்வெடுத்த மாதிரி ஆச்சு."

 என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தேன். நான்தான் வர வேண்டாம் என்று சொன்னேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மச்சான் முன்னால் அசடு வழிய வேண்டுமே என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வார்டை மூடினால் இவளை நாளைக்கே அழைத்துப் போகலாம். அந்த நினைப்பு வந்ததும் என் வாய் மூடிக்கொண்டது. என் மனைவி கையைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது.

அந்த நேரத்தில் வெளியே ஒரு சரக்கு ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தபடி உள்ளே நுழைந்தது.

பின்னால், துணி மூட்டைகளுக்கு நடுவில் டெய்லர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு வந்தவர். அக்காவுக்கு உதடு நீலம். கண் பிதுங்கியிருந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். எப்போதும் கேட்கிற அந்தக் கூவல் இல்லை. சத்தம் இல்லாததுதான் ஆபத்து என்று அத்தனை வருஷம் அங்கே சுற்றிக்கொண்டிருந்த எனக்கே தெரியும்.

நானும் அண்ணனும் தூக்கினோம். சிஸ்டர் மாஸ்க்கோடு ஓடி வந்தார். நான் சிலிண்டரைத் திறந்தேன், கை வழுக்கியது. என் மனைவி குரலை உயர்த்தாமல் மருந்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரத்தக் குழாயில் ஊசி ஏற்ற வேண்டும். அக்காவின் கை ஜில்லென்று இருந்தது, நரம்பு அகப்படவில்லை. சிஸ்டர் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். என் மனைவி பழக்கத்தில் ஊசியை வாங்கினாள். ஊசி அவள் விரலில் துள்ளியது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். என் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்து, ஊசியை நீட்டி, "நீ போடும்மா" என்றாள்.

அந்தப் பெண் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். முழங்கைக்குக் கீழே தடவினாள், கண்ணை மூடிக்கொண்டாள், போட்டாள். ரத்தம் ஊசிக்குள் வந்தது. பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் எனக்குப் புரியாத பாஷை. ஒருத்தி சொன்னாள், ஒருத்தி செய்தாள். ஏதோ வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தவர்கள் மாதிரி இருந்தது. நான் சுவரோடு சுவராக நின்று, கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கூவல் திரும்பி வந்தது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. உதட்டில் நிறம் ஏறியது. அக்கா கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மாஸ்க்கை லேசாக விலக்கினார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. "காலைலேருந்து பொறுத்துப் பார்த்தேன். வரக் கூடாதுன்னு சொன்னீங்க. முடியல. அண்ணன் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாரு. காரியத்தைக் கெடுத்துட்டேனா?"

 சிஸ்டர் மாஸ்க்கைத் திரும்ப வைத்து, "பேசாதீங்கக்கா" என்றார்.

என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்தான் என்னைப் பார்த்து, "யார் வரக் கூடாதுன்னு சொன்னது?" என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெட்டை அனுப்பியது, வார்டைக் காலி செய்தது, விசில் என்று கேலி பேசியது, எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

சாயங்காலம் வரை அந்தப் பெண் அக்காவின் கட்டிலை விட்டு நகரவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் மனைவியின் அறைக்கு வந்தாள். மச்சானும் நானும் இருந்தோம்.

"கூட்டத்தைப் பார்த்து ஓடறவ இல்ல நான். கரண்ட் இல்லாம, தண்ணி இல்லாம வேலை பார்த்திருக்கேன். நான் வர்றேன். வார்டை மூடக் கூடாது" என்றாள். என் உடம்பெல்லாம் லேசானது. அவள் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா வாசல்ல நின்னு, நீ வா நீ வராதேன்னு சொல்றவரோட என்னால வேலை பார்க்க முடியாது. சார் இருக்கக் கூடாது."

மச்சான் சிரித்து மழுப்பினார். "என்னம்மா இது, மாப்பிள்ளை எங்க வீட்டு ஆளு. ஒரு ஆர்வக்கோளாறுல செஞ்சுட்டாரு."

"சரி" என்றாள் என் மனைவி.

எதற்குச் சரி என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. அவளே சொன்னாள். "அவர் போவார். மக வீடு இருக்கு. நீங்க நாளைக்கே சேர்ந்துக்கோங்க. நான் ஒரு வருஷம் கூட இருந்து எல்லாத்தையும் காட்டித் தர்றேன்."

"உன் கை?" என்றேன்.

"கைதானே நடுங்குது. சொல்லிக் குடுக்க வாய் போதும். மாசா மாசம் வந்து டாக்டரைப் பார்த்துக்கறேன்."

வீட்டுக்கு வந்த பிறகும் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நடுங்குகிற கையால் மடிப்பு நிற்கவில்லை, திரும்பத் திரும்ப மடித்தாள். வாங்கி மடிக்கப் போனேன், தரவில்லை.

"உனக்காகத்தானே செஞ்சேன்" என்றேன்.

"தெரியும். அதனாலதான் தாங்க முடியல. டெய்லர் அக்கா செத்திருந்தா, எனக்காகத்தானே செத்திருப்பாங்க?"

 எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீதிச் சட்டைகளை மடித்தாள்.

காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருப்பதால் அதைக் கடந்துதான் போக வேண்டும். வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெய்லர் அக்கா சாய்ந்து உட்கார்ந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி தன் அறையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஆனால் வராந்தாவில் ஒரு ஈ காக்கை இல்லை. இன்றைக்கும் ஏன் யாரும் வரவில்லை என்று திக்கென்றது.

கேட்டுக்குப் போனேன். வெளியே ரோட்டில், வேலியோரமாக, ஒரு பெரிய கூட்டம் நின்றிருந்தது. பிரஷர்காரர்கள், கட்டுப் போட்ட கால்கள், வார்டிலிருந்து நான் வீட்டுக்கு அனுப்பியவர்கள், கைக்குழந்தைக்காரிகள். ஒருவரும் உள்ளே வரவில்லை. கேட் விரியத் திறந்து கிடந்தது.

எனக்கு வந்ததே கோபம். "ஏன் வெளிய நிக்கிறீங்க? கேட் தொறந்துதானே இருக்கு?" என்று கத்தினேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இன்னிக்கு வரலாமா சார்?"

குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"எப்பம்மா வந்தே?"

"விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேன் சார். நேத்து வரக் கூடாதுன்னு சொல்லிவிட்டீங்களே, நீங்க வந்து சொல்லட்டும்னு நின்னோம்."

பையை அங்கேயே போட்டுவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளையும் கையைப் பிடித்து இழுத்தபடி உள்ளே ஓடினேன். டாக்டர் அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் பின்னால் வேறு யாரும் வரவில்லை. நான் சொல்வதற்காக இன்னும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.